மரண பயமும் விசுவாசமும்

(மறைந்த நண்பர்களுக்கான நினைவஞ்சலி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



இந்த அரைமணி நேரத்தில் நீதான் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் போனில் சொன்னபோது, "ஏம்ப்பா, போதகர் யாரும் கிடைக்கலையா?" என்றுதான் கேட்டேன். "போதகர் பேசினா பிரசங்கம் ஆயிடும், நீ பேசு" என்றார்கள். கொடுத்த தலைப்பு, 'மரணத்துக்கு அஞ்சாத கிறிஸ்தவ விசுவாசம்'. நான் பாய்லர், பிரஷர் வெசல் என்று பிழைப்பு நடத்துகிறவன். ஆனாலும் இந்தத் தலைப்போடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதைச் சொல்லத்தான் ஒப்புக்கொண்டேன். இந்து, இஸ்லாமிய நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹாஸ்டலில் என் பாட்டையே பொறுத்தவர்கள் நீங்கள்.

வழக்கு இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். நாற்பது வருஷம் கோயில் பாடகர் குழுவில் பாடியவர். ஊரில் யார் இறந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஒரு ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏல, பயமா இருக்குல" என்றார். மறுநாள் ஜெபிக்க வந்தவரிடமும் அதையே சொன்னார். வந்தவர் நல்ல மனுஷர்தான். ஆனால், "விசுவாசி பயப்படலாமாண்ணே? சாட்சி கெட்டுப் போகுமே" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரிடமும் அப்பா பயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொன்னார். வியாதியோடு அந்தச் சிரிப்பையும் சேர்த்துச் சுமந்தார். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. சாகக் கிடக்கிற மனுஷனுக்கு ஒரு பரீட்சை வைத்து, அதிலும் பாஸ் பண்ணு என்று சொல்வதா விசுவாசம்?

அந்த நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் படித்தது டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகரைப் பற்றி. மரணத்துக்கு அஞ்சாத விசுவாசி என்றால் பிரசங்கிமார் உடனே எடுத்துக் காட்டுகிற ஆள் இவர். அப்படி என்னதான் இருந்தது இவரிடம் என்று பார்க்கவே ஆரம்பித்தேன்.

1906-ல் பிறந்தவர். அப்பா பெயர்பெற்ற மனநல மருத்துவர். அண்ணன் வால்ட்டர் முதல் உலகப்போரில் 1918-ல் இறந்தான். இவர் 21 வயதில் இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது சபைக்குள்ளிருந்து எதிர்த்துப் பேசிய சிலரில் ஒருவர். நமக்கு ஒரு சுவையான செய்தி: காந்தியடிகளிடம் வந்து தங்கிக் கற்க ஆசைப்பட்டார். 1934-ல் காந்தியும் வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். ஆனால் ஜெர்மனியில் போதகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு வந்துவிட்டதால் பயணம் நடக்கவில்லை. 1939 ஜூனில் நியூயார்க் போய்ப் பத்திரமாக இருந்தவர், சில வாரங்களிலேயே கப்பலேறி ஜெர்மனிக்குத் திரும்பினார். பிறகு ஹிட்லரைக் கவிழ்க்கச் சதி செய்தவர்களோடு சேர்ந்தார். ஒரு போதகர் அதைச் செய்யலாமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அந்தப் பக்கம் இப்போது போகவேண்டாம். 1943 ஏப்ரல் 5-ல் கைதாகி, பெர்லினில் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார்.

இவர் பயப்படாதவரா? முதல் மாதங்களில் அவர் கிறுக்கிவைத்த துண்டுக் காகிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் தற்கொலையைப் பற்றிய நினைப்பு இருக்கிறது. 1944-ல் சிறையிலிருந்தே 'நான் யார்?' என்று ஒரு கவிதை எழுதினார். காவலர்கள் பார்க்கிற திடமான மனிதன் ஒருவன், உள்ளுக்குள்ளே தவித்துத் துவள்கிற மனிதன் ஒருவன், இவர்களில் யார் நான் என்பதுதான் அதில் கேள்வி. என் அப்பா சிரித்த சிரிப்பை இந்த மனுஷனும் சிரித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. வித்தியாசம், இவர் அதை எழுதி நண்பருக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு சம்பவம். 1944 ஜனவரியில் டேகல் சிறையைச் சுற்றிக் குண்டு விழுகிறது. கைதிகள் தரையில் குப்புறப் படுத்திருக்கிறார்கள். எப்போதும் கேலி பேசுகிற ஒருவன் பக்கத்தில் "கடவுளே, கடவுளே" என்று அலறுகிறான். ஒரு போதகருக்கு இதைவிட வாய்ப்பு வேண்டுமா! நம் ஊர் ஆட்கள் அங்கேயே நோட்டீஸ் கொடுத்திருப்பார்கள். போன்ஹோஃபர் வேதவசனம் எதுவும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் இது நீடிக்காது என்று மட்டும் சொன்னாராம். பயந்துபோன மனுஷனைப் பயன்படுத்திக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. ஒரு எஞ்சினியர் சொல்லக்கூடிய ஆறுதல் அது. எனக்கு அதனால்கூடப் பிடித்திருக்கலாம்.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் தப்பிக்க வழி கிடைத்தது. சிறைக்காவலர் ஒருவரே உதவ முன்வந்தார். தொழிலாளி உடை, பணம், ரேஷன் கூப்பன் எல்லாம் தயார். அந்த நேரத்தில், அக்டோபர் 1-ம் தேதி, அண்ணன் கிளாஸ் கைதானார். தான் ஓடினால் அண்ணனுக்கும் குடும்பத்துக்கும் இன்னும் ஆபத்து என்று இவர் திட்டத்தையே கைவிட்டார். சாவு பயம் இல்லாததால் உள்ளே இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. வாழ ஆசை இருந்தது. மரியா என்ற பெண்ணோடு 1943 ஜனவரியில்தான் நிச்சயமாகியிருந்தது. பயம் இருந்தது, ஆசையும் இருந்தது. முடிவு எடுக்கிற இடத்தில் மட்டும் அவை இரண்டையும் அவர் உட்காரவிடவில்லை. விசுவாசம் அவருக்குச் செய்தது அதுதான் என்று எனக்குப் புரிகிறது.

இதெல்லாம் படித்தபின் ஒரு சாயங்காலம் அப்பாவுக்கு மாற்கு சுவிசேஷத்திலிருந்து கெத்செமனே தோட்டத்துப் பகுதியைச் சத்தமாக வாசித்தேன். இயேசு அங்கே கலங்குகிறார். முடிந்தால் இதிலிருந்து விடுவிக்கும்படி தகப்பனிடம் கெஞ்சுகிறார். தனியாக இருக்க முடியாமல் மூன்று பேரைக் கூட விழித்திருக்கச் சொல்கிறார். நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்ட பகுதிதான். அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆண்டவருக்கே அப்படின்னா, நமக்கு என்னல?" என்றார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். பயம் வரும்போதெல்லாம் மறைக்காமல் சொன்னார். "ஏல, பக்கத்துல இரு" என்பார், இருப்போம். ஜெபம் பண்ணச் சொல்வார், பண்ணுவோம். சாட்சி ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

போன்ஹோஃபரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1945 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. ஷோன்பெர்க் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைதிகளை வைத்திருந்தார்கள். ஆராதனை நடத்தச் சொல்லி மற்றவர்கள் கேட்டபோது இவர் தயங்கினார். பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், கோகோரின் என்ற சோவியத் அதிகாரி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர்கள்மேல் தன் மதத்தைத் திணிக்கக் கூடாது என்று பார்த்தார். கோகோரினே சம்மதம் சொன்னபின்தான் நடத்தினார். கடைசி ஜெபம் முடிந்ததும் கதவு திறந்தது. இரண்டு பேர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். உடனிருந்த பிரிட்டிஷ் அதிகாரி பெய்ன் பெஸ்டிடம், இங்கிலாந்திலிருந்த தன் நண்பர் பிஷப் ஜார்ஜ் பெல்லுக்குச் செய்தி சொல்லி அனுப்பினார்: இது முடிவுதான், ஆனால் தனக்கு இது வாழ்வின் ஆரம்பம் என்று. மறுநாள் விடியற்காலையில் ஃப்ளோசன்புர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். வயது 39. அடுத்த இரண்டு வாரத்தில், ஏப்ரல் 23-ல், அமெரிக்கப் படை அந்த முகாமை மீட்டது.

அவர் முழங்காலில் நின்று ஜெபித்து, அமைதியாகப் படியேறி, சில நொடிகளில் உயிர்விட்டார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதைப் பத்து வருஷம் கழித்து எழுதியவர் அந்த முகாமின் எஸ்.எஸ். டாக்டர். விபத்து அறிக்கை வந்தால் எழுதியது யார் என்று முதலில் பார்க்கிற பழக்கம் நம் தொழிலில் உண்டு. தன் முகாமில் நடந்த கொலை கௌரவமாக நடந்தது என்று காட்ட அந்த டாக்டருக்குக் காரணம் இருந்தது. பின்னால் ஆராய்ந்தவர்கள் அந்த வர்ணனையைச் சந்தேகிக்கிறார்கள். அது வேதனையான, மெதுவான சாவாகவே இருந்திருக்கலாம். நான் அந்தப் படத்தைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் என்று சொன்னவரே எனக்குப் போதும்.

அவருடைய பெற்றோருக்குச் சேதி தெரிந்தது ஜூலை 27-ல். லண்டனில் பிஷப் பெல் நடத்திய நினைவு ஆராதனையைப் பி.பி.சி. ஒலிபரப்பியது, பெர்லினில் வானொலி முன் உட்கார்ந்து கேட்டார்கள். மரியா அந்தப் பிப்ரவரியிலேயே துணிமணிப் பெட்டியோடு ஃப்ளோசன்புர்க் வரை போய்த் தேடிவிட்டு, அவர் அங்கே இல்லையென்று திரும்பியிருந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. பிறகு அமெரிக்கா போய்க் கணிதம் படித்து, ஹனிவெல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் பெரிய பொறுப்பில் இருந்தாள். ஒருவகையில் நம் ஜாதிதான். 1977-ல் இறந்தாள். சிறையிலிருந்து வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தியிருந்தாள். அவை 1992-ல்தான் புத்தகமாக வந்தன.