லண்டனிலிருந்து அருணாசலம்

ஆங்கில எழுத்தாளர் பால் பிரன்டன் ரமண மகரிஷியைத் தரிசிக்க வந்த 1930களின் தொடக்கத்தில், இங்கிலாந்திலிருந்து புறப்பட்டோர் சூயஸ் வழியே கப்பலில் வாரக்கணக்கில் பிரயாணம் செய்தனர். இன்று மகரிஷியின் ஆசிரம வாயிலில் வாடகைக் காரிலிருந்து இறங்கும் வெளிநாட்டு அன்பரோ, லண்டனுக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட சுமார் 8,200 கிலோமீட்டரை ஏறத்தாழப் பத்தரை மணி நேரத்தில் கடந்துவிட்டு, மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து நம் திருவண்ணாமலைக்கு உள்ள ஏறக்குறைய 180 கிலோமீட்டருக்கு, திண்டிவனத்தில் ஒரு காபியும் செஞ்சிக் கோட்டையின் தூரதரிசனமுமாக, மேலும் நான்கு மணி நேரம் செலவிட்டிருப்பார். நம் சாலைகளின் பெருமை அத்தகையது!

திரும்பும்போது ஆகாய மார்க்கம் சற்று நீளும். உயர் ஆகாயத்தில் மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்று விமானத்தை எதிர்ப்பதே பிரதான காரணம். எனினும், லண்டன் கடிகாரம் குளிர்காலத்தில் நம்முடையதைவிட ஐந்தரை மணி பின்தங்கியிருப்பதால், சென்னையில் விடியற்காலையில் ஏறியவர் அன்று முற்பகலிலேயே அங்கு இறங்கிவிடுகிறார்.