பாலமும் பென்சிலும்

1914-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாம்பன் இரயில் பாலத்தை நான் பலமுறை கடந்ததுண்டு. ஆயின் அதனை உண்மையிற் கண்டது ஒருநாள்தான். ஓய்வுபெறும் தறுவாயில், கரையில் அமர்ந்து அதனை வரைய முற்பட்ட அன்று.

நடுவிலுள்ள தூக்குப் பகுதி, கீலில் திரும்பும் கதவு போன்றதென எண்ணி வரைந்தேன். கோடு பொருந்தவில்லை. அழித்துவிட்டு உற்று நோக்கினேன். இருபுறத்துச் சட்டங்களின் அடியும் தொட்டிலின் கால்போல வளைந்திருந்தது! அந்நாளில் கப்பல் வந்தபோதெல்லாம் ஊழியர்கள் கையால் பொறியைச் சுழற்றினர். வளைந்த அடி பின்னோக்கி உருண்டது. எதிர் எடை பளுவைச் சமன்செய்யப் பாலம் வாய் திறந்தது. செர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறை இது. ஆண்டுதோறும் நெம்புகோல் பாடம் நடத்திய நான், அன்றுதான் அதனைக் கற்றேன். முன்னரே கற்றிருப்பின் என் மாணவர்க்கு அப்பாடம் உயிர்பெற்றிருக்குமே!

1964-ஆம் ஆண்டுப் புயலில் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தபோதும் தூக்குப் பகுதி நிலைத்து நின்றது. 2022-இல் அதன்மீது இரயில் ஓட்டம் நின்றது. 2025-இல் அருகே புதிய பாலம் திறக்கப்பெற்றது.

சுற்றுலா செல்லுங்கால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். படம் அழகாக அமையாவிடினும் குற்றமில்லை. பிழையாக விழும் கோடே கண்ணைத் திறக்கும்.