கரூருக்கு ஒரு நியாயம், மும்பைக்கு ஒரு நியாயம்



நகைக்கடனுக்குத் தவணை தவறினால் என்ன நடக்கும் என்று இந்தக் கூட்டத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் வரும், பிறகு ஏலம். தாலிச் சங்கிலி என்று கெஞ்சினாலும் தராசு இரங்காது. வங்கியே தவறினால்? அப்போது மட்டும் சர்க்காருக்குத் தாயுள்ளம் சுரக்கிறது.

2020 மார்ச் 5. மும்பையின் யெஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டது. டெபாசிட் போட்டவர் தன் பணத்தில் 50,000 ரூபாய்தான் எடுக்கலாம். உடனே ஸ்டேட் வங்கி 6,050 கோடியோடு ஓடி வந்தது. தனியார் வங்கிகளும் பின்னால் வந்தன. இரண்டே வாரத்தில் கதவு திறந்தது. 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் குப்பைக்குப் போயின என்பது உண்மை. ஆனால் பங்குதாரர்களின் பங்கு பிழைத்தது. பெரும்பகுதியை மூன்றாண்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதே ஆண்டு நவம்பரில் கரூர் லட்சுமி விலாஸ் வங்கி விழுந்தது. 1926இல் வியாபாரிகள் தொடங்கியது, 94 வயது. அதைச் சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைத்தார்கள். டெபாசிட் தப்பியது, நல்லது. பங்கோ பூஜ்ஜியம்! ஓய்வுக் காசில் நூறு பங்கு வாங்கி வைத்தவருக்கும் பூஜ்ஜியம்.

பெரிய வங்கிக்கு ஒரு நியாயம், சின்ன வங்கிக்கு ஒரு நியாயம். இதைப் பார்த்த வங்கி முதலாளி என்ன கற்றுக்கொள்வார்? ஒழுங்காகக் கடன் கொடு என்றா? விழுந்தால் ஊரே அதிரும் அளவுக்குப் பெருத்துவிடு என்றுதான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அதற்காக விழுகிற வங்கியை அப்படியே விடு என்று எவரும் சொல்லவில்லை. 1906இல் சென்னை அர்பத்நாட் வங்கியைத் தாங்க ஆளில்லை. சேமித்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த வேதனையில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. வேடிக்கை பாருங்கள், அதே வங்கி 1995-96இல் 1,336 கோடி நட்டம் காட்டி, அரசு பணம் கொட்டித்தான் நிமிர்ந்தது. 2017 அக்டோபரில் அரசு வங்கிகளுக்கு மொத்தமாக 2.11 லட்சம் கோடி அறிவித்தார்கள். தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறவர் தலையில்தான் அந்தப் பாரத்தில் பெரும்பகுதி.

டெபாசிட்டைக் காப்பாற்றட்டும். ஆனால் நகை ஏலம் என்றால் ஏழையின் பெயர் பேப்பரில் வருகிறதே, அதே பேப்பரில், மீட்புப் பணம் ஒதுக்கும் முன்பே, பெருங்கடன் வாங்கியவர் பெயரும் அந்தக் கடனுக்குக் கையெழுத்திட்ட வங்கி இயக்குநர் பெயரும் வரட்டும். முதல் நட்டம் அவர்கள் சொத்திலிருந்து கழியட்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்.