பழைய மெனு எங்கே போச்சு?

(தாம்பரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு ஊக்குநர் பேசியது)

நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டரில் புது எக்செல் போடப் போறாங்கன்னதும் சில பேர் முகம் வாடிப்போச்சு. எனக்கும் அந்தப் பயம் தெரியும்.

2007-ல் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். ஒருநாள் 2003 எக்செலை எடுத்துட்டு 2007 எக்செலைப் போட்டுட்டாங்க. 'ஃபைல்' மெனுவையே காணோம்! இடது மூலையில் இருந்த வட்ட பட்டனுக்குள்ளே ஒளிஞ்சிருந்தது. (2010 பதிப்பில் 'ஃபைல்' திரும்ப வந்துடுச்சு.) பிரிண்ட் எடுக்க அரை மணி நேரம் தேடினேன். கன்ட்ரோலோட 'பி' அமுக்கினா போதும்னு பிறகுதான் தெரிஞ்சது. அது அன்னைக்கும் மாறலை, இன்னைக்கும் மாறலை.

பெரிய சங்கடம் வேற. எங்க குழுக் கணக்கை அதிலேயே அடிச்சு, கடனுக்காக வங்கியில் கொடுத்தேன். அங்கே பழைய எக்செல், ஃபைல் திறக்கலை. கடன் ஒரு வாரம் தள்ளிப்போச்சு. ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். பீஸ் கட்டக் காத்திருந்த உறுப்பினர்கள் முகத்தைப் பார்க்கவே முடியலை.

'சேவ் ஆஸ்' போய் '97-2003' வகையைத் தேர்ந்தெடுத்திருந்தா அப்பவே திறந்திருக்கும். அந்த வசதி இன்னும் இருக்கு.

புதுசு போடுறதுக்கு முன்னாடி, உங்க குழுக் கணக்கை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்க. முதல் மாசம் நோட்டிலும் சேர்த்து எழுதுங்க.