மெட்டா? ஹார்மனியா?

எனக்கு முன்னாலே மெட்டுக்காக முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பரே!

ஐரோப்பிய இசையிலே மனசை உருக்குவது மெட்டா, ஹார்மனியா என்பது தலைப்பு. நண்பர் கேட்டார்: "கச்சேரி முடிஞ்சு வீட்டுக்குப் போறவன் முணுமுணுக்கிறது எதை?" மெட்டைத்தான், அய்யா. ஹார்மனியை முணுமுணுக்க நாலு வாய் வேணும். ஆண்டவன் ஒண்ணுதானே கொடுத்தான்! (சிரிப்பு) முணுமுணுக்கிறது வேறே, உருகுறது வேறே.

ஒரு மெட்டோட கதையைச் சொல்றேன். 1601-இல் ஜெர்மனியிலே ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் ஒரு காதல் பாட்டு வெளியிட்டார். ஒரு பெண்ணாலே மனசு கலங்கிப்போன ஒருத்தன் பாடுறது. பின்னாலே அதே மெட்டைத் தேவாலயத்துக்காரங்க எடுத்து, ஏசுநாதரின் பாடுகளைப் பாடிட்டாங்க. காதலிக்கும் அந்த மெட்டு, கல்வாரிக்கும் அந்த மெட்டு! எல்லாத்தையும் மெட்டே செய்யும்னா இது எப்படி நடக்கும்?

1727. லைப்சிக் நகரம். செபாஸ்டியன் பாக், புனித மத்தேயு எழுதிய பாடுகளை இசையாக்குகிறார். அதே மெட்டை அதிலே ஐந்து தடவை கொண்டுவருகிறார். ஐந்தாவது தடவை வருவது, ஏசு உயிர் விட்ட உடனே. அங்கே அவர் என்ன செய்தார்? அதைச் சொல்றதுக்கு முன்னாலே ஒரு சின்னப் பாடம். பயப்படாதீங்க, பரீட்சை கிடையாது.

நம்ம சங்கராபரணத்துச் சுரங்கள்தான் அவங்க மேஜர் ஸ்கேல். ப, நி, ரி, ம நாலையும் சேர்த்து ஒலியுங்க. காது தவிக்கும். ஏன்? நி, மேல் ச-வுக்கு அரைச்சுரம்தான் கீழே. வாசல்வரை வந்தவன் உள்ளே போகணும்னு துடிக்கிறான். ம-வோ க-வுக்கு அரைச்சுரம் மேலே; அவன் இறங்கத் துடிக்கிறான். நி ஏறி ச ஆகும், ம இறங்கி க ஆகும், ரி ஒரு சுரம் இறங்கி ச-வோட சேரும். கீழே பேஸ் குரல் ப-விலிருந்து ச-வுக்குப் போய் உட்காரும். அப்பாடா! வீடு வந்தாச்சு. இதுக்குப் பேர் கேடன்ஸ். ஒவ்வொரு குரலும் பக்கத்திலே இருக்கிற இடத்துக்கு அலட்டிக்காம நகருது பாருங்க, அது குரல் நடத்தும் கலை.

அதிலே ஒரு கண்டிப்பு உண்டு. இரண்டு குரல்கள் ச-ப இடைவெளியிலே கைகோத்து, ஒரே பக்கமா அப்படியே நகரக்கூடாது. 1725-இல் வியன்னாவிலே ஃபுக்ஸ் என்பவர் லத்தீனிலே எழுதிய பாடநூல் இதையெல்லாம் கறாராகச் சொல்லுது. ஹைடன் அதை வச்சுத் தானே படிச்சவர். ஏன் கூடாது? மாமியார் ஒரு படி ஏறினா மருமகளும் ஒரு படி, இறங்கினா இவளும் இறங்கினா, வீட்டிலே ரெண்டு பேர் இருக்காங்கன்னு எப்படித் தெரியும்? (கைதட்டல்) நாலு குரல்னா நாலு பேரும் தனித்தனியாக் கேட்கணும்.

இப்ப ஒரு வேடிக்கை. மேலே நி, ச ஆகுது, மெட்டு அதேதான். ஆனா கீழே பேஸ் ச-வுக்குப் போகாம த-வுக்குப் போயிடுச்சு! மாப்பிள்ளை வர்றார்னு வாசலைப் பார்த்தா கடன்காரன் நிற்கிற மாதிரி. ஏமாற்றும் கேடன்ஸ்னே அதுக்குப் பேர். எதிரணி நண்பரே, மெட்டு மாறலையே! நெஞ்சு ஏன் திடுக்குனு ஆச்சு?

பாக்கிடம் வருவோம். அந்தப் பழைய மெட்டு க-விலே முடியுது. முதல் தடவை வரும்போது அதன் கீழே பேஸ், ச-விலே வந்து நின்னு தாங்கிக்குது. கேட்கிறவன் வீட்டிலே இருக்கான். ஏசு மறைந்த பிறகு? மெட்டு அதே க-விலேதான் முடியுது. தாங்க ச வரலை. பேஸும் க-விலே வந்து நின்னுடுது. 'நான் சாகும்போது என்னை விட்டுப் பிரியாதே' என்று ஒரு ஜீவன் கெஞ்சுகிற பாட்டு அது. கேட்ட கேள்விக்குப் பதில் வரலை; வாசப்படியிலேயே நிற்கிறோம்.

அய்யா, அந்த இடத்திலே அழுதவங்களை மெட்டு அழவைத்ததா, அதன் கீழே நடந்த மூன்று குரல்கள் அழவைத்தனவா? நடுவர் மணியிலே கை வச்சுட்டார்.