சீட்டு அனுப்ப வேண்டாம்

(முன்னாள் மாணவர் சங்கப் பொதுக்குழுவில், சந்திப்பு விழா மாலைக் கலைநிகழ்ச்சி பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளன்று மாலை என்ன நிகழ்ச்சி என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். நம்ம திறந்தவெளி மேடையில், மாலை ஆறு மணிக்கு மாணவர்களின் நாதஸ்வரம், தவில். அவர்களில் இரண்டு பேர் முறையாகப் படிக்கிற பிள்ளைகள். ஆறரைக்கு ஒரு மணி நேரம் வில்லுப்பாட்டு. ஏழரைக்கு மாணவர் ஒருவர் கால் மணி நேரம் தனியாக நின்று நகைச்சுவை பேசுகிறார். அதன்பின் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் நடத்தும் வள்ளி திருமணத்திலிருந்து இரண்டு பகுதிகள்: பபூன் வருகை, நாரதர் - வள்ளி தர்க்கம். ஒன்பதே முக்காலுக்கு முடித்துவிட வேண்டும்.

இதைக் கேட்டதுமே வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் எழுதினார்: "ஏன்டே, டி.வி. புகழ் ஆட்கள் யாரும் கிடைக்கலையா? வில்லுப்பாட்டுக்கு எவன் உக்காருவான்?" நியாயமான கேள்விதான். உட்கார மாட்டார்கள் என்பதற்கு நானே சாட்சி. சாட்சி மட்டுமா, குற்றவாளியும் நான்தான். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல எழுந்தேன்.

1986. நான் இறுதியாண்டு. நுண்கலைச் செயலாளர் என்று சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு தரையில் கால் பாவாமல் திரிந்த காலம். கல்லூரி நாள் விழாவுக்கு ஒரு வில்லுப்பாட்டுக் குழுவைப் பேசி வைத்திருந்தோம். பக்கத்துக் கிராமம். அண்ணாவிக்கு அப்போதே அறுபது வயதுக்கு மேல். 650 ரூபாய் பேச்சு. ஆறு மணிக்கு மேடை என்று சொல்லியிருந்தேன். ஐந்தரைக்கே வில்லைத் தோளில் சுமந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

மேடையில் பேச்சாளர்கள் இறங்கவில்லை. ஒருவர் முடித்தால் இன்னொருவர். வில்லை மேடையேற்றும்போது மணி எட்டே கால். ஒன்பதுக்கு நாங்கள் ரொம்ப ஆசையாக வரவழைத்த மெல்லிசைக் குழு. கீபோர்டு, டிரம் எல்லாம் பக்கத்தில் பளபளவென்று காத்துக் கிடக்கிறது. பின்னால் இருந்து விசில்.

அண்ணாவி எடுத்த கதை நம்ம ஊர்க் கதை. கோமதியம்மன் தவசு. உங்களுக்குத் தெரியும், தெரியாத வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராசர்கள். ஒருவருக்குச் சிவன்தான் பெரியவர், மற்றவருக்குத் திருமால்தான் பெரியவர். சண்டை தீரவில்லை. அம்மன் புன்னை வனத்தில் ஒற்றைக்காலில் நின்று தவமிருக்கிறாள்; இரண்டு பேரும் ஒரே வடிவில் சங்கரநாராயணராகக் காட்சி தருகிறார்கள். ஆடித்தபசுக்கு ஊரே திரண்டு நிற்பது அந்தக் காட்சிக்காகத்தான். ஆடிச்சுற்று என்று நூறு, ஐநூறு சுற்று சுற்றுகிறவர்கள் கால் நோகச் சுற்றுவதும் அம்மன் கால்நோவைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் என்பார்கள்.

அந்த இரண்டு பாம்புகள் வாதாடுகிற இடத்தை அண்ணாவியும் குடத்துக்காரரும் ஆளுக்கொரு கட்சியாகப் பேசினார்கள் பாருங்கள், முன்வரிசைப் பேராசிரியர்கள் வேட்டியால் கண்ணைத் துடைத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் தவத்துக்கு நின்ற நேரம், 'உடனே முடிக்கவும்' என்று எழுதி ஒரு துண்டுச் சீட்டை மேடைக்கு அனுப்பினேன்.

அண்ணாவி வீசுகோலை நிறுத்தாமலே சீட்டை வாங்கிப் படித்தார். "அம்மா ஒத்தக்காலில நிக்கா தம்பி" என்றார். "ஆமா" என்றார் குடத்துக்காரர். "சாமி இன்னும் காட்சி குடுக்கல." "ஆமா." "அதுக்குள்ள செயலாளர் சீட்டு குடுத்துட்டாரு. என்ன செய்ய?" குடத்துக்காரர் ஒரு விநாடி யோசித்தார்: "அம்மாவ சித்த நேரம் உக்காரச் சொல்லுங்கண்ணே!"

அரங்கமே அதிர்ந்தது. அந்தச் சிரிப்போடு வாழி பாடி இறங்கிவிட்டார்கள். கல்லூரி வாழி, முதல்வர் வாழி, செயலாளர் தம்பி வாழி. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். சாமி காட்சி கொடுக்கவே இல்லை.

மேடைக்குப் பின்னால் நான் 450 ரூபாயைக் கையில் கொடுத்தேன். பாதிக் கதைதானே என்று ஒரு கணக்கு. மிச்சம் 200 மணியார்டரில் வரும் என்றேன். அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், மறக்கவில்லை, அனுப்பவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டதால் அன்று இரவு பஸ் ஸ்டாண்டில் வில்லைத் தலைமாட்டில் வைத்து அவர்கள் படுத்திருந்ததை, மெல்லிசை கேட்டுவிட்டு டீ குடிக்கப் போன நாங்களே பார்த்தோம்.

இப்போது விழாக்குழு என்னிடம் கலைநிகழ்ச்சிப் பொறுப்பைக் கொடுத்ததும் முதலில் அந்தக் கிராமத்துக்குத்தான் போனேன். அண்ணாவி காலமாகிப் பல வருடம் ஆகிறது. மகன் இருக்கிறார். பகலில் விசைத்தறி, பங்குனி சித்திரை வந்தால் வேறொரு குழுவில் குடம் அடிக்கிறார். 2020-இல் பங்குனியில் ஊரடங்கு போட்டார்களே, அந்த வருடக் கொடைகள் எல்லாம் நின்றுபோனபோது குடத்தைப் பரணில் ஏற்றியவர், இறக்க இரண்டு வருடம் ஆனது என்றார். நான் யாரென்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். "சீட்டு குடுத்த செயலாளர் நீங்கதானா அண்ணாச்சி? அப்பா அத பெறவு எத்தனையோ மேடையில சொல்லிச் சிரிக்க வச்சிருக்காவ." என்னுடைய வெட்கக்கேடு ஊர் ஊராகப் போய்க் கைதட்டு வாங்கியிருக்கிறது.

ஒரு கவர் கொண்டுபோயிருந்தேன். 200-ஐவிடக் கொஞ்சம் அதிகமாக. 'வேண்டாம்' என்பார் என்று எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டார். எனக்கு அது நல்லதாகப் பட்டது. எங்கள் விழாவுக்கு வரவேண்டும் என்றேன். "வாரோம். ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம் குடுங்க. நடுவில சீட்டு அனுப்பாதீங்க" என்றார். வேறு நிபந்தனை இல்லை.

இந்தக் கலையைப் பற்றி மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. பனை வைரத்தில் செய்த வில், அதில் வரிசையாக வெண்கல மணிகள், நாணில் அடிக்க வீசுகோல், வில்லைத் தாங்க ஒரு மண்குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. அவ்வளவுதான் கருவி. காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, பிறகுதான் கதைக்குள் நுழைவார்கள். வாழி பாடி முடிப்பார்கள். அதனால்தான் இருபத்தைந்து நிமிடத்தில் வில்லுப்பாட்டு இல்லை. வாசற்படியில் நிற்கும்போதே விரட்டிவிட்ட மாதிரி. நெல்லைச் சீமையிலிருந்து போய்க் கலைவாணர் என்.எஸ்.கே.க்குப் பாட்டும் கதையும் எழுதி, வில்லை வானொலி, தொலைக்காட்சி வரை கொண்டுபோனவர் சுப்பு ஆறுமுகம். சத்திரம் புதுக்குளத்துக்காரர். 2021-இல் பத்மஸ்ரீ வாங்கி, 2022-இல் மறைந்தார். பெண்கள் வில்லடிக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் 2018-இல் மறைந்த கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாளைப் பற்றி விசாரியுங்கள்.

இதில் 'ஆமா' போடுகிறவர் இருக்கிறாரே, அவர்தான் எனக்குப் பெரிய ஆள். மேடையில் உட்கார்ந்திருக்கிற பார்வையாளர் அவர். நமக்கு வருகிற சந்தேகத்தை நமக்கு முன்னால் கேட்டுவிடுவார். ஆனால் கீழே இருக்கிற நாம் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் அவர் யாருக்காக ஆமா போடுவார்?

மாணவர்கள் சிலர் வந்து, "சார், சென்னையில எல்லாம் ஸ்டாண்டப் காமெடி நடக்குது, நாமளும் வைக்கலாமே" என்றார்கள். வைத்திருக்கிறோம், ஏழரை மணிக்கு. ஆனால் தம்பிமாரே, அதற்கு அடுத்து வருகிற பபூனையும் கவனியுங்கள். ஸ்பெஷல் நாடகத்தில் முதலில் மேடையேறுகிறவர் அவர். தனியாக வருவார். கூட்டத்தைப் பார்த்துப் பேசுவார், பாடுவார், ஊரைக் கிண்டல் செய்வார், ஆர்மோனியக்காரரிடம் வம்பிழுப்பார். கூட்டம் எப்படிப்பட்டது என்று பார்த்துச் சரிப்படுத்தி, பின்னால் வருகிற ராஜபார்ட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். சூசன் சைசர் என்ற அமெரிக்கப் பெண்மணி மதுரைப் பக்கம் வந்து தங்கி, இந்தக் கலைஞர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி 2005-இல் வெளியிட்டார். நாம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறந்ததை.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். தனித்தனியாகப் புக் செய்கிறோம். அன்று மாலை மேடைக்குப் பின்னால்தான் சந்திப்பார்கள். எப்படி நடக்கிறது? எல்லோருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் தலைகீழ்ப் பாடம். தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்து, 1922-இல் மறைந்தவர் சுவாமிகள். நூறு வருடம் தாண்டியும் அவர் போட்ட தடத்தில்தான் வண்டி ஓடுகிறது. தர்க்கம் மட்டும் அன்றன்றைக்குப் பிறப்பது. நாரதர் எந்தக் கேள்வியை வீசுவார் என்று வள்ளிக்குத் தெரியாது. விடிய விடிய வாதாடிய ஜோடிகள் உண்டு. நமக்கு அவ்வளவு நேரம் இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி திறந்தவெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அது நம் விழாவுக்கு வராது. ஆகவே ஒன்றே கால் மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மைக்கே இல்லாமல் பாடிய கிட்டப்பா நம்ம செங்கோட்டைக்காரர்தானே. 1933-இல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். வள்ளி திருமணத்தில் அவரும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்தால் கூட்டம் கட்டுக்கடங்காது என்று என் தாத்தா சொல்வார். பார்த்தாரோ, கேள்விப்பட்டதைப் பார்த்ததாகச் சொன்னாரோ! நாதஸ்வரம் என்றால் காருகுறிச்சி அருணாசலம். 1964-இல் மறைந்தவர், கோவில்பட்டியில் வாழ்ந்தவர். 1962-இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் ஜானகி அம்மாவின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு போகுமே, அந்த வாசிப்பு அவருடையது. பஸ் ஏறிப் போய்வருகிற தூரத்தில் இவ்வளவு பேர் இருந்த மண்ணில்தான், நான் அன்று சீட்டு எழுதினேன்.

இனி நடைமுறை விஷயம். நம்ம மேடைக்கு முன்னால் நெருக்கி உட்கார்ந்தால் நானூறு பேர். சோபா போட வேண்டாம். முன்னால் சோபா வந்தால் தரையில் கிடக்கிற வில் பின்னால் இருப்பவனுக்குத் தெரியாது. ஜமக்காளம்தான். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஓரத்தில் நாற்காலி உண்டு. என் வகுப்புக்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். வில்லுக்கு ஒரு மைக், குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று தனியாக வேண்டும். ஒரே மைக்கைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைக்கிற வேலை கூடாது. சாப்பாட்டை நிகழ்ச்சி நடுவில் திறக்க வேண்டாம். சுல்தான் பிரியாணி என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள்; வாசனை வந்துவிட்டால் நாரதரே எழுந்து போய்விடுவார். பத்து மணிக்குப் பந்தி.

கலைஞர்களுக்குப் பேசிய தொகையை மேடையேறும் முன்பே முழுதாகக் கொடுத்துவிட வேண்டும் என்று பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன். திரும்பிப் போக வேனும் பேசியாகிவிட்டது. வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாவற்றையும் காலை அமர்வோடு முடித்துக்கொள்ளலாம். ஆறு மணிக்கு மேல் மேடையில் யாருக்கும் பேச்சு இல்லை. தலைவர் அவர்கள் இதற்கு இன்றே சம்மதம் தர வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் யோசிக்கிறார் போலிருக்கிறது.

வில்லுக் குழு அன்று என்ன கதை பாடட்டும் என்று கேட்டார்கள். கோமதியம்மன் தவசுதான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அம்மன் 1986-இலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறாள். குடம் அடிப்பது அந்த அண்ணாவியின் மகன். ஆறரை மணிக்கு. நாதஸ்வரம் கேட்கும்போதே வந்து உட்கார்ந்துவிடுங்கள்.