மேடைக் கச்சேரியும் ஒளிநாடாவும்



ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா, மஸ்ஜித் தானா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றில் பழைய வீடியோ ஒளிநாடாக்கள் சில இன்னும் இருக்கும். திரைப்படம் ஒன்றிரண்டு, திருமணம் ஒன்றிரண்டு. அவற்றோடு மாரியம்மன் திருவிழா இரவில் நம் இளைஞர்கள் கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு வைத்துக்கொண்டு பாடிய இன்னிசைக் கச்சேரியும் இருக்கலாம். அத்தகைய நாடாவின் அருமை என்ன, அதை எப்படிக் காப்பது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பாட்டைத்தான் வானொலியில் கேட்கிறோமே, கச்சேரியைப் படம் பிடித்து வீட்டில் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடையாக, உலகறிந்த ஒரு பதிவை முதலில் பார்ப்போம்.

1971ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டு, இலட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு உதவ எண்ணிய சித்தார் மேதை ரவிசங்கர், தம் நண்பரும் பீட்டில்ஸ் குழுவில் கிட்டார் வாசித்தவருமான ஜார்ஜ் ஹாரிசனை அணுகினார். அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 40,000 பேர் கூடினார்கள். அது 1972இல் திரைப்படமாக வந்தது. பின்னர் வீட்டில் பார்க்கும் ஒளிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் வந்தது.

அதில் ஒரு காட்சி. ரவிசங்கரும் சரோட் கலைஞர் அலி அக்பர் கானும் தங்கள் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கிறார்கள். அதையே ஒரு பாட்டென்று எண்ணிச் சபையினர் கைதட்டிவிடுகிறார்கள். சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தீர்களே, வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என நம்புகிறேன் என்ற பொருள்பட ரவிசங்கர் பதில் சொல்கிறார். எத்தனை நயமான பதில்! அன்று பதிவு செய்யாமல் விட்டிருந்தால் இது காற்றோடு போயிருக்கும். தந்தியில் ஓடும் விரல்களையும், தபேலா மேதை அல்லா ரக்காவைப் பார்த்து மற்றவர்கள் தாளத்தில் சேருவதையும் படத்தில்தானே காண முடியும்?

நம் தமிழ் இசையிலும் சான்று உண்டு. 2005ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் இளையராஜா நடத்திய கச்சேரியை ஜெயா தொலைக்காட்சி பதிவு செய்தது. திரைப்பாட்டில் பெயர் தெரியாமல் ஒலிக்கும் வயலின்காரரும் புல்லாங்குழல்காரரும் அங்கே கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஒரு பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடப் பாடம் வேண்டுமா?

நம் நாட்டுக்கு வருவோம். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் ‘அலிகேட்ஸ்’ குழுவில் மலாய்ப் பாடல்கள் பாடி நாடெங்கும் புகழ் பெற்றார்கள். லோகநாதன் 2007இல் காலமானார். இருவரும் ஒரே மேடையில் நின்று பாடியதை இன்றைய பிள்ளைகள் பதிவில் மட்டுமே பார்க்க முடியும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் இத்தகைய கச்சேரிகளைப் பார்த்தால் ‘ஒரே இரைச்சல்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். பக்கத்தில் அமருங்கள். தாளத்தைப் பிடித்து நிறுத்துகிறவர் யார், பாட்டை எப்போது முடிப்பது என்று கண்ணால் சாடை காட்டுகிறவர் யார் என்று கேளுங்கள். உறுமி மேளம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு விடை எளிதில் வரும்.

இனி நம் வீட்டு நாடாவைப் பற்றிப் பேசுவோம். சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் 1975இலும், ஜேவிசி நிறுவனத்தின் விஎச்எஸ் 1976இலும் வந்தன. மூன்று மணி நேரம் ஓடும் விஎச்எஸ் நாடா ஏறக்குறைய 258 மீட்டர் நீளமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் காந்தத் தூள் பசையோடு பூசப்பட்டிருக்கிறது. படமும் ஒலியும் அந்தத் தூளில்தான் பதிந்துள்ளன. பசை தளர்ந்தாலோ பூஞ்சணம் பிடித்தாலோ பதிவு கெடும். நம் மலாக்கா மாநிலத்து ஈரக்காற்று பூஞ்சணத்துக்கு உகந்தது.

நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டக் கருவி வேண்டுமே! விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் அதை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களில் உள்ளவற்றை விரைந்து மாற்றிக் காக்க வேண்டும் என்று யுனெஸ்கோவும் 2019இல் எச்சரிக்கை விடுத்தது.

செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாவது, நாடாவின் கண்ணாடிச் சன்னல் வழியே பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அதைக் கருவியில் போடவே கூடாது. நாடா அறுந்துபோகலாம்; பூஞ்சணம் கருவியில் ஒட்டி மற்ற நாடாக்களுக்கும் பரவும். அதைத் தனியே வைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். இரண்டாவது, நாடாவின் முதுகுப் பக்கத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாகக்கூட அதன்மேல் வேறொன்றைப் பதிவு செய்ய முடியாது. மூன்றாவது, புத்தகம்போல் நிறுத்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஒலிபெருக்கிக்கு அருகில் வேண்டாம். அதில் காந்தம் உண்டு. நான்காவது, பதிவைக் கணினிக்கு மாற்றி, இரண்டு படி எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள். ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் மற்றொன்று தப்பும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நாடாவின்மேல் தோட்டத்தின் பெயர், ஆண்டு, பாடியவர், வாசித்தவர் பெயர்களை எழுதுங்கள். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் இல்லை, மேடை போட்ட திடலும் இல்லை. குடும்பங்களும் ஆளுக்கொரு பட்டணமாகப் பிரிந்துவிட்டன. அந்தக் கச்சேரிப் படத்தின் ஓரத்தில் முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பாட்டி, பால்மரம் வெட்டிவிட்டு வந்து மாலையில் கிட்டார் பழகிய அண்ணன், குழந்தையை இடுப்பில் வைத்தபடி பாட்டுக் கேட்கும் அக்காள், இவர்களுக்கு வேறு படமே இல்லாமல் இருக்கலாம். அவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களை அருகில் அமர்த்தி, பெயர்களைக் கேட்டுப் பிள்ளைகள் கையால் எழுதவையுங்கள்.